இலவசக் கலை இரவும் சுங்கை சிப்புட் கடைத்தெருவும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு இடிஎஸ் மின்சார ரயிலிலேயே போய்விடலாம். ஈப்போ தாண்டிக் கொஞ்ச நேரம்தான். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. 1948 ஜூன் 16-இல் இங்கே எஸ்டேட் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் சொந்த ஊரும் இதுதான். நான் போனது வரலாறு பார்க்க அல்ல, தோழியின் மகள் ஆடுவதைப் பார்க்க. பரதம், உருமி மேளம், கடைசியில் ஒரு நாடகம். நுழைவு இலவசம்.

இலவசம் என்றுதான் பேர். ரயில் டிக்கெட்டை விடுங்கள், அந்தக் காசு இந்த ஊருக்கு வராது. அறை வாடகை, மதியம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வடையும், தலைக்கு மல்லிகைச் சரம் என்று நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஊரிலேயே போய்விட்டது.

சரம் கட்டிக்கொண்டே பூக்கடை அக்கா சொன்னார்: “மண்டபத்துல புரோகிராம்னா ரெண்டு மடங்கு பூ எடுப்பேன். ஆடுற பிள்ளைங்களுக்குத் தனி ஆர்டர்.” பிள்ளைகளின் உடுப்பில் கடைசி நேரக் கொக்கி, பட்டி வேலையெல்லாம் பக்கத்துத் தையல்கடைக்கு. ஒப்பனைக்கு உள்ளூர்ப் பெண்கள் இருவர். தோட்டத்திலிருந்து தாத்தா பாட்டிகளை ஏற்றி வர, பள்ளி வேன் ஓட்டுபவருக்கு இரண்டு நடை கூடுதல். மேடையில் விளக்கு எரிவதற்கு முன்னாலேயே இவ்வளவு.

அமெரிக்கன்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு 2022-க்கு எடுத்த கணக்கு ஒன்று உண்டு. கலை நிகழ்ச்சிக்கு வருபவர் டிக்கெட் தவிர சராசரியாக 38.46 டாலர் செலவழிக்கிறார். வெளியூர்க்காரர் என்றால் 60.57. அந்த டாலரை அப்படியே ரிங்கிட்டாக்கி சுங்கை சிப்புட்டில் பொருத்த முடியாது. ஆனால் அந்த வித்தியாசம் இங்கேயும் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளூர்க் குடும்பம் அன்றைக்குக் கொடுத்த இருபது வெள்ளி, நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் இதே ஊரில் வேறு கடைக்குப் போயிருக்கும். கிள்ளானிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்தவர்கள் கொடுத்ததுதான் புதுக்காசு.

வந்த காசு ஊரில் தங்கவும் வேண்டுமே. கலைஞர்களுக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் ஈப்போவிலிருந்து வந்தது. ஒலிபெருக்கியும் மேடை விளக்கும் அங்கிருந்துதான். அது சரி, அவ்வளவு பெரிய செட்டு இங்கே கிடைக்காமல் இருக்கலாம். சோறுமா கிடைக்காது?

நிகழ்ச்சி முடிய மணி பதினொன்று தாண்டிவிட்டது. மண்டப வாசலில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் கடுப்பில் இருந்தார். ஆறரைக்கு உள்ளே போன கூட்டம், வெளியே வந்ததும் நேரே காருக்குப் போய்விட்டது. “நடுவுல கால்மணி நேரம் விட்டா போதும்மா, பொரிச்ச மீஹூன் எல்லாம் ஓடிடும். கமிட்டில யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க.”

கமிட்டியில் என் தோழியே இருக்கிறாள். சொன்னேன். “இடைவேளை விட்டா பாதிக் கூட்டம் திரும்பி வராதுடி, நாடகத்த யாரு பாக்குறது?” என்றாள். பொட்டலச் சோற்றை மட்டும் அடுத்த வருஷம் உள்ளூரிலேயே சொல்லிவிடலாம் என்று ஒப்புக்கொண்டாள்.