பெர் லவால் கல்லறைக்கு நடக்கும் இரவு

செப்டம்பர் 8 நம்மவர்களுக்கு வேளாங்கண்ணி மாதா திருநாள். மொரீஷியஸில் அன்று பொழுது சாய்ந்ததும் இன்னொரு பயணம் தொடங்கிவிடும். தீவின் எல்லாத் திசையிலிருந்தும் மக்கள் தலைநகர் போர்ட் லூயிஸின் செயின்ட் க்ருவா பகுதிக்கு நடப்பார்கள். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்த கத்தோலிக்கக் குரு, 'பெர் லவால்' (லவால் பாதர்) என்று மக்கள் அழைக்கும் அருளாளர் ஜாக் தெசிரே லவால் அங்கே அடக்கமாகியிருக்கிறார். கைலாசன் என்று எல்லோரும் சொல்லும் மீனாட்சி அம்மன் கோவிலும் அதே பகுதியில்தான் இருக்கிறது. காவடி எடுக்கும் குடும்பங்களும் இந்த இரவில் மெழுகுவர்த்தியோடு வருவார்கள்.

பெரும்பாலோர் நோய், வேலை, பிள்ளையின் படிப்பு என்று வேண்டுதல் கொண்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் மனத்தில் ஒரு பகை இருந்தால் அதைத்தான் முதலில் இங்கே கொண்டுவர வேண்டும். அதற்கு இதைவிடப் பொருத்தமான கல்லறை இந்தத் தீவில் இல்லை.

காரணம் லவாலின் வாழ்க்கை. நார்மண்டியில் 1803-இல் பிறந்து, வைத்தியராக இருந்து, 1838-இல் குருவானவர். 1841 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கினார். அடிமை முறை 1835 பிப்ரவரி 1 அன்றே ஒழிந்திருந்தது. ஆனாலும் பயிற்சிக் காலம் என்ற பெயரில் விடுதலையானவர்கள் 1839 வரை பழைய எசமானுக்கே உழைத்தார்கள். நட்ட ஈடாக ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது, அதுவும் எசமான்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. லவால் அவர்களை மாலையில் கூட்டி, அவர்கள் பேசிய கிரியோலிலேயே ஞானோபதேசம் (கிறிஸ்தவ மறைப்பாடம்) சொல்லிக்கொடுத்தார். வெள்ளைப் பண்ணையார்கள் அவரை ஏளனம் செய்தார்கள், எதிர்த்தார்கள். அவர் பதிலுக்கு ஏசவில்லை, மாலை வகுப்பை நிறுத்தவுமில்லை. மன்னிப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏசாமல் இருந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு, "பொறுத்துப் போ" என்று அடிபட்டவரின் வாயை அடைப்பது அவரைப் புரிந்துகொண்டதாகாது. நற்செய்தியில் வரும் வரி வசூலிக்கும் சக்கேயு கூட ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகத்தானே ஆண்டவரிடம் சொன்னான்?

தயாரிப்பை ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒரு சிறு சீட்டில் தீமை செய்தவரின் பெயரையும், செய்த தீமையை ஒரே வரியிலும் எழுதுங்கள். "என்னை அவமானப்படுத்தினார்" என்பது போதாது. "அப்பா சாவுக்கு வரவில்லை", "நிலப் பத்திரத்தில் என் பெயரை விட்டுவிட்டார்" என்று எழுத வேண்டும். எதை மன்னிக்கிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் மன்னித்த பிறகும் கோபம் வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கும்.

கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்வதை, தங்கள் பங்குக் கோவிலிலேயே முடித்துவிடுவது நல்லது. திருநாள் இரவில் வரிசை நீளம், நிதானமாகப் பேச முடியாது. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, நம் பாவத்தைச் சொல்லப் போய் மைத்துனரின் பாவத்தைச் சொல்லிவிட்டு வருவது. அவர் செய்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு அந்தக் கோபத்தில் நீங்கள் பேசியது, பரப்பியது, பேச்சை நிறுத்தியது, இவற்றைச் சொல்லுங்கள்.

மேட்டுப் பகுதி நகரமான கியூர்பிப்பிலிருந்து தலைநகருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். ஐந்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ் ஹில்லிலிருந்து என்றால் மூன்று மணி நேரம். முதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். பழகிய செருப்பு, மேட்டுப் பகுதியின் தூறலுக்கு ஒரு மேலாடை, இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படும்படி வெளிர் நிற உடை போதும். காற்று பலமாக வீசும், மெழுகுவர்த்தியை வழியில் ஏற்றாமல் பையிலேயே வைத்திருங்கள்.

நடக்கும்போது செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி செபத்தில் ஒரு பத்து மணியை அந்தப் பெயருக்காக ஒப்புக்கொடுங்கள். "அவனுக்குப் புத்தி வரட்டும்" என்று வேண்ட வேண்டாம். அது செபத்தின் சட்டை போட்ட கோபம். அவர் வீட்டுக்கு என்ன தேவையோ, பிள்ளையின் உடல்நலமோ மகளின் கல்யாணமோ, அதைக் கேளுங்கள். பத்து மணியையும் சொல்ல மூன்று நிமிடம் கூட ஆகாது, ஆனால் முதல் தடவை நாக்கு எழும்பாது. எழும்பாவிட்டால் கர்த்தர் கற்பித்த செபத்தை மட்டும் சொல்லி, "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தில் சற்று நின்றுவிட்டுத் தொடருங்கள். மனம் இளகினால்தான் மன்னிப்பு என்று காத்திருக்க வேண்டாம். தீமைக்குத் தீமை செய்யமாட்டேன் என்ற முடிவு முதலில். மனம் பின்னால் வரும், சிலருக்கு வருடக்கணக்கில்.

செயின்ட் க்ருவாவில் இப்போதுள்ள தேவாலயம் புதிய அமைப்பு. பழையது 1960 கரோல் புயலில் விழுந்துவிட்டது. கல்லறை மேல் லவாலின் வண்ணச் சிலை படுத்த நிலையில் இருக்கும். பின்னால் கூட்டம் நெருக்கும், சில நொடிதான் நிற்கலாம், ஆகவே அங்கே சொல்ல வேண்டியது பெயர் மட்டும்.

திரும்பியதும் அவரிடம் ஓடிப்போய் "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். தான் தவறு செய்ததாகவே நினைக்காதவருக்கு அது குற்றச்சாட்டு. பேச வேண்டுமென்றால் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் காட்டும் வரிசை இருக்கிறது: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு, பிறகே சபை முன். அடிக்கிறவராக இருந்தால் தனியாகப் போகவே வேண்டாம். தள்ளி இருந்தும் மன்னிக்கலாம், போலீஸில் சொல்லிவிட்டும் மன்னிக்கலாம்.

சீட்டைக் கல்லறையில் விட்டுவிட்டு வராதீர்கள், யார் கையிலும் கிடைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து செபப் புத்தகத்துக்குள் வையுங்கள். பழைய காயம் மறுபடி வலிக்கும் நாளில் அதே பெயருக்கு அதே பத்து மணி.