அம்மா முடிந்து வைத்த மூன்று காசு

என் மகன் ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 150 கிராம். 41 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். முதல் ராத்திரி ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, அம்மா ஒரு மஞ்சள் துணியில் மூன்று ஒரு ரூபாய்க் காசைத் தனித்தனி முடிச்சாக முடிந்தாள். சிக்கல் சிங்காரவேலருக்கு ஒன்று, நாகூர் ஆண்டவருக்கு ஒன்று, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒன்று. திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை.

"எல்லாம் ஒரே சாமிதானேம்மா, ஒரு இடத்துல வேண்டிக்கிட்டா போதாதா?" என்று பதற்றத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லியே மூணு பேரையும் விட்டுடாதடி" என்றாள்.

காணிக்கை செலுத்தப் போக மூன்று வருஷமானது. ஆனி மாதம், விடியற்காலையில் கார் எடுத்து முதலில் சிக்கல். வசிஷ்டர் வெண்ணெயில் பிடித்த லிங்கம், பெயர்க்க முடியாமல் சிக்கிக்கொண்டதால் ஊருக்கே சிக்கல் என்று பேர். மாடக்கோயில் என்பதால் படியேற வேண்டும். அம்மா ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். சிங்காரவேலர் முன்னால் போனதும் எங்கள் யாருக்கும் பேச்சே வரவில்லை. சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள், தாய் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்கும்போது அந்த முகத்தில் வியர்வை அரும்பும். பட்டுத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். நாங்கள் போனது சாதாரண நாள்தான். ஆனாலும் அம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, "சண்டைக்குப் போற புள்ளைக்கு வேர்க்காதா பின்னே" என்றாள். என் மகன் பெட்டிக்குள் மூச்சுக்காகப் போராடியது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் சாமிக்கு அம்மா உண்டு, அப்பா உண்டு, வேர்க்கிற உடம்பு உண்டு. நான் அழுததை அந்த முருகன் பார்த்திருப்பான். முதல் காசு உண்டியலில் விழுந்தது.

அங்கிருந்து நாகப்பட்டினம் போய் வடக்கே திரும்பினால் நாகூர். நடுவில் ஒரு இடத்தில் காரை நிறுத்தினோமோ இல்லையோ, நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். மொட்டைக்கு நான், பூவுக்கு நான், சீக்கிரம் உள்ளே விட நான் என்று. ஒருவர் குழந்தையின் கையையே பிடித்து இழுத்தார். 600 ரூபாய் கேட்டு, கொடுக்க மறுத்ததும் "நேர்த்திக்கடன்ல கஞ்சம் பிடிச்சா ஆகாது" என்று சாபம் மாதிரி ஒரு சொல். பிள்ளை பிழைத்ததற்கு நன்றி சொல்ல வந்தவர்களிடம் அப்படிப் பேச எப்படி மனசு வருகிறதோ.

நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களும், அதாவது உயர்ந்த கோபுரங்களும், தூரத்திலேயே தெரிந்ததும் மனம் ஆறியது. பெரிய மனோரா 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். குளக்கரையில் பையனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம். குழந்தை உருவம் அடித்த வெள்ளித் தகடு வாங்கிக் கொடுத்தோம். மயிலிறகால் தலையை வருடியபோது அவன் சிரித்தான்.

எங்களுக்காக பாத்திஹா என்ற குர்ஆன் வசனங்களை ஓதிய பெரியவரிடம் அம்மா, "என் பேரனுக்கு உயிர் கொடுத்த சாமி, பாய், இவரு" என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "உயிர் கொடுத்தது அல்லா தாயி. நாகூர் ஆண்டவர் நமக்காக அல்லாகிட்ட துஆ, வேண்டுதல் கேக்குற பெரிய மனுஷர். அல்லாவுக்கு உருவம் கெடையாது. அவன் யாரையும் பெறலை, அவனையும் யாரும் பெறலை."

காலையில்தான் தாயிடம் வேல் வாங்கிய பிள்ளையைக் கும்பிட்டு வந்திருக்கிறோம். தாயும் பிள்ளையும் இல்லாத இறைவனை எப்படி நினைப்பது? கண்ணை மூடிப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. தர்காவில் வந்து வேண்டுவதே கூடாது என்று சொல்லும் முஸ்லிம்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் தன் நம்பிக்கையில் ஒரு சொல் குறைக்காமலும் அம்மாவின் மனம் நோகாமலும் பேசியதை மறக்கமாட்டேன். எல்லாம் ஒன்று என்று மாடிப்படியில் சுலபமாகச் சொன்னது தப்பென்று அங்கேதான் பட்டது. இரண்டாவது காசையும் போட்டோம்.

வேளாங்கண்ணி போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலில் வருவதாக அம்மா வேண்டியிருந்தாள். இப்போது அவள் முழங்காலுக்குத் தரையில் உட்காரவே முடியாது. "நான் போறேம்மா" என்று புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். மணல் கொதித்தது. பாதித் தூரத்தில் தோல் வழன்று எரிச்சல் தாங்கவில்லை, ஏன் ஒத்துக்கொண்டோம் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் காவிச் சேலையில் ஒரு அக்கா ஜெபமாலை சொல்லிக்கொண்டே முழங்காலில் வந்தார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒவ்வொரு மணிக்கும் முடித்தார். நானும் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மாதாவிடம் ஏன் 'கொடு' என்று கேட்காமல் 'வேண்டிக்கொள்' என்கிறீர்கள் என்று பிறகு கேட்டபோது, "மாதா சாமி இல்லைங்க. சாமியைப் பெத்தவங்க. மகன்கிட்ட சொல்லுவாங்க" என்றார். கடவுளே மனுஷனாகப் பிறந்து, ஒரு பெண்ணின் மடியில் கைக்குழந்தையாக இருந்தார் என்பது அவர்கள் விசுவாசம். சிக்கலில் தாயே சக்தி, மகனுக்கு வேல் எடுத்துக் கொடுக்கிறாள். இங்கே தாய் மகனிடம் மன்றாடுகிறாள்.

கோயிலுக்குள் சேலை கட்டி, கையில் குழந்தையோடு மாதா. மெழுகுவத்தி ஏற்றினோம். என் மகனைத் தூக்கிக் காட்டினேன். அந்த 41 நாளில் ஒரு நாள்கூட நான் அவனைத் தூக்க முடியவில்லை. இப்போது 13 கிலோ, கை வலித்தது. அந்த வலிக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னேன் என்று கணக்கில்லை. தாயே, தாயே என்றுதான் வாயில் வந்தது, யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாவது முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. அம்மா பல்லால் கடித்து அவிழ்த்துக் காசைப் போட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும், "காலை நீட்டுடி" என்று அதட்டி, காலியான அந்த மஞ்சள் துணியால் என் முழங்காலில் ஒட்டியிருந்த மணலை மெல்ல ஒற்றி எடுத்தாள்.