மனநல ஆய்வுப் பதிவேட்டில் சேர்ந்த கதை

மனம் ஒருநேரம் ஏகத்துக்கும் ஏறி, ஒருநேரம் தரையில் விழும் இருமுனையக் கோளாறும் குடியும் ஒன்றாகவே வாய்த்தவன் நான். லித்தியம் சாப்பிடுகிறேன். குடியை விட்டிருக்கிறேன். ‘விட்டுவிட்டேன்’ என்று அடித்துச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தபோது மருத்துவர் இந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னார். மனநோயும் போதைப்பழக்கமும் உள்ளவர்களைப் பல வருடங்களுக்குத் தொடர்ந்து கவனித்து, அவர்களுக்கு எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பார்க்கிற ஏற்பாடு. “விருப்பம் இருந்தால் அவர்களிடம் பேசிப் பாருங்கள். வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது” என்றார். இரண்டாவது வாக்கியத்தைக் கிளம்பும்போது மறுபடியும் சொன்னார். அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. மாத்திரை எழுதித் தருகிற ஆளே ஆய்வுக்கும் கேட்டால் ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதனால்தான் ஒப்புதல் வாங்குகிற வேலையை அவரிடம் விடாமல் தனியாக ஓர் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்திருந்தார்கள்.

சேரலாம் என்று தோன்றியதற்கு ஒரு கோபமும் காரணம். புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் குடிப்பழக்கம் உள்ளவர்களைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள், முடிவுகள் குழம்பிவிடும் என்று. அது அவர்கள் நியாயம். ஆனால் அந்த மருந்து கடைக்கு வந்தபின் சாப்பிடுவது என்னைப் போன்ற குழம்பிய கேஸ்களும்தானே? சோதனையில் இல்லாதவர்களுக்கு மருந்து என்ன செய்கிறது என்பதை அறியப் பதிவேட்டை விட்டால் அதிக வழிகள் இல்லை.

மனச்சிதைவு நோய்க்குத் தரும் க்ளோசபின் என்ற மருந்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1975ல் ஃபின்லாந்தில் அந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்த வெள்ளையணுக்கள் திடீரென்று சரிந்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. பல நாடுகள் மருந்தை ஓரங்கட்டின. அமெரிக்கா 1989ல் அனுமதித்தபோது, ரத்தப் பரிசோதனை முடிவு பதிவேட்டில் ஏறினால்தான் மாத்திரை என்கிற கறாரான நிபந்தனையோடு அனுமதித்தது. அதே ஃபின்லாந்தின் தேசியப் பதிவேடுகளிலிருந்து, மனச்சிதைவு நோயுள்ள 66,881 பேரை 1996 முதல் 2006 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வந்தது. ஒப்பிட்ட மருந்துகளில் க்ளோசபின் எடுத்தவர்களிடையேதான் இறப்பு விகிதம் மிகக் குறைவு என்றது அது. மருந்தின் ஆபத்து சில மாதங்களில் வெளியே வந்துவிட்டது. இறப்பு குறைவு என்பது இவ்வளவு பெரிய பதிவேட்டில் தெரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. (2025ல் அமெரிக்கா அந்தக் கட்டாயப் பதிவையும் விலக்கிக்கொண்டது. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லும் அறிவுரை அப்படியே இருக்கிறது.)

ஒருங்கிணைப்பாளர் இளம் பெண். ஒப்புதல் படிவத்தை என் கையில் கொடுத்து, “வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் சார், இன்றைக்கே கையெழுத்து வேண்டாம்” என்றார். நல்ல தடிமன். அடுத்த முறை போனதும் அவர் முதலில் கேட்டது, “இன்றைக்குக் குடித்திருக்கிறீர்களா?” என்றுதான். சுருக்கென்று இருந்தது. போதையிலோ, மனம் ஏகத்துக்கும் ஏறியிருக்கும் நேரத்திலோ போட்ட கையெழுத்து ஒப்புதலாகாது, அப்படியிருந்தால் வேறொரு நாள் வரச் சொல்வோம் என்று விளக்கினார். பிறகு படிவத்தை மூடிவைத்துவிட்டு, நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்லச் சொன்னார். ‘இது சிகிச்சை இல்லை, எனக்கு நேரடிப் பலன் இருக்காது’ என்பதை மட்டும் இருமுறை சொல்லவைத்தார்.

கையெழுத்து ஒன்றல்ல, பல. கேள்வித்தாள்களுக்கு ஒன்று. மருத்துவமனைக் கோப்பிலிருந்து நோய்விவரம், மருந்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொள்ள இன்னொன்று. பின்னாளில் வேறு ஆய்வுகளுக்கு என்னைக் கூப்பிடலாமா, பெயர் நீக்கிய தகவலை மருந்து நிறுவனங்களோடு பகிரலாமா, மரபணு ஆய்வுக்கு எச்சில் மாதிரி தருவேனா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். சிலவற்றுக்கு ஆமாம், சிலவற்றுக்கு இல்லை என்று டிக் அடித்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். பலர் இதைக் கவனிக்காமல் ‘எல்லாம் அல்லது எதுவுமில்லை’ என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். மருந்து நிறுவனக் கட்டத்தில் நான் ‘இல்லை’ போட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ரகசியம் பற்றி நான் கேட்ட கேள்விகளில் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் அலுப்பு தட்டியிருக்கும். பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு இடத்தில் பூட்டில், ஆய்வாளர் பார்ப்பது எண்ணை மட்டும். இதுவரை சரி. ஆனால் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 2000ல் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு முன்பே, பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவத் தரவிலிருந்து ஒரு மாநில ஆளுநரின் கோப்பையே அவர் கண்டுபிடித்திருந்தார். என் பிறந்த தேதி என்னாகும் என்று கேட்டேன். வருடம் மட்டும்தான் வெளியே போகும், முகவரியில் ஊர்கூடப் போகாது, ஓர் அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் அந்த எண்ணிக்கையையே மறைத்துவிடுவோம் என்றார்.

திருட்டு? ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் கோப்புகளைத் திருடியவர்கள் 2020ல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோரின் அந்தரங்கக் குறிப்புகள். அதை நான் சொன்னபோது அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. “ஆபத்தே இல்லை என்று எங்களால் எழுதித் தர முடியாது. அதனால்தான் உங்கள் மருத்துவர் எழுதிவைக்கும் உரையாடல் குறிப்புகளை நாங்கள் எடுப்பதே இல்லை” என்றார். வசனமாகக் கேட்டிருந்த எல்லா உறுதிமொழிகளையும்விட இந்த ஒரு பதில் எனக்குப் போதுமாக இருந்தது. இல்லாததை யாரும் திருட முடியாது.

போதைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. போலீஸ் கேட்டால்? வேலை கொடுத்தவர் கேட்டால்? அமெரிக்காவில் போதை சிகிச்சைப் பதிவேடுகளைக் காக்கத் தனிச் சட்டமே 1970களில் வந்துவிட்டது. நீதிமன்றம் கேட்டாலும் பங்கேற்பாளரின் அடையாளத்தைத் தர மறுக்க ஆய்வாளருக்கு இடம்கொடுக்கும் ரகசியக்காப்புச் சான்றிதழும் அங்கே உண்டு. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சேருகிறவர்கள் தங்கள் நாட்டில் என்ன பாதுகாப்பு என்று வாய்விட்டே கேட்டுவிடுவது நல்லது. சட்டவிரோதப் பொருள் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

முதல் நேர்காணலில் அதிக நேரம் எடுத்தது குடிக் காலண்டர். கடந்த 90 நாட்களை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சம்பள நாள், கல்யாண வீடு, காய்ச்சலில் படுத்த வாரம் என்று முதலில் தெரிந்த நாட்களைக் குறித்துவிட்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் நகர்கிறார்கள். கேட்கக் கேட்க ஞாபகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி மேலே வருகிறது. அளவைக் கிளாஸ் கணக்கில் சொன்னால் ஏற்க மாட்டார்கள். 10 கிராம் சுத்த ஆல்கஹால் ஓர் அலகு. 60 மில்லி லார்ஜ் ஒன்று ஏறக்குறைய இரண்டு அலகு. 650 மில்லி பியர் பாட்டில் இரண்டரை. ‘ரெண்டே ரெண்டு பியர்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் காகிதத்தில் ஐந்தாக நின்றது. எந்த ஆலோசகரும் இவ்வளவு சத்தமில்லாமல் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாளும் உண்டு. மொத்த மதிப்பெண் 27. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. இதற்கு உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாமல் பலர் ‘இல்லவே இல்லை’யில் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்பது என் ஊகம். ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். நான் நேராகவே கேட்டேன். வேலை நாட்களில் ஒரு மருத்துவர் அந்தப் பதில்களைப் பார்ப்பார், கவலைக்குரியதாக இருந்தால் தொலைபேசியில் கூப்பிடுவார். இரவிலும் விடுமுறையிலும் யாரும் பார்க்க மாட்டார்கள். அவசரத்துக்கு இந்தத் தாளை நம்பவே கூடாது. இந்தப் பதில் படிவத்திலும் இருந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு பத்தியில். முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய விஷயம்.

இனி என்னைப் பொறுத்தவரை முக்கியமான இடம். பதிவேடுகளின் பெரிய பலவீனம், நன்றாக இருப்பவர்கள் பதில் போடுவார்கள், மோசமாக இருப்பவர்கள் காணாமல் போவார்கள் என்பது. பிரிட்டனில் பொதுமக்களின் ஆரோக்கியத்தைப் பின்தொடரும் யூகே பயோபேங்க் என்ற பதிவேடு 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்தது. 5 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று பிறகு தெரிந்தது. பொது ஆரோக்கியப் பதிவேட்டுக்கே இந்தக் கதி என்றால், படுக்கையிலிருந்து எழ முடியாததே நோயாக இருக்கும் எங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கில் மனநல மருத்துவமனைச் சேர்க்கைகள் 1969 முதல் சட்டப்படி தேசியப் பதிவேட்டில் ஏறுகின்றன. யாரையும் கேட்பதில்லை, யாரும் விடுபடுவதும் இல்லை. ஆய்வாளருக்கு அது சொர்க்கம். நோயாளியாக எனக்கு ஒப்புதல் கேட்கும் முறைதான் பிடிக்கிறது. ஆனால் ஒப்புதல் கேட்கும் பதிவேட்டில் கெட்ட மாதங்கள் வெற்றுக் கட்டங்களாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. நான் பதில் சொல்லாவிட்டால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், யாரைக் கூப்பிடலாம், அவரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதைத் தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். ‘இருக்கிறானா, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதா’ என்று மட்டும் கேட்கலாம், குடி பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்று எழுதினேன். என் புத்தி நிலையில்லாமல் போனால் கோப்பிலிருந்து தகவல் எடுப்பதைத் தொடரலாம், ஆனால் புதிதாக எதற்கும் என்னிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது இன்னொன்று.

அந்த ஏற்பாட்டுக்கு வேலையும் வந்தது. ஒரு கட்டத்தில் மனம் தரையோடு தரையாகிவிட்டது, கூடவே பாட்டிலும் திரும்பி வந்தது. கேள்வித்தாள் கைபேசியில் வந்து கிடந்தது. நினைவூட்டலும் வந்தது. பிறகு அக்காவுக்குப் போன் போயிருக்கிறது. எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். அக்கா வந்து, “தம்பி, அவங்க உன்னைத் திட்ட ஒண்ணும் கூப்பிடலடா, பேசிட்டு வை” என்றாள். முழுத் தாளும் வேண்டாம், இரண்டே கேள்வி போதும் என்று ஒருங்கிணைப்பாளர் போனிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுபடி குடித்தீர்களா, மருந்தை நிறுத்தினீர்களா. இரண்டுக்கும் ஆமாம். அவர் குரலில் ஏமாற்றம் தெரியவில்லை. கோப்பில் அந்தக் காலாண்டு வெற்றாக இல்லை.

விலகுவதற்கும் படிகள் இருக்கின்றன. தொடர்புகொள்வதை மட்டும் நிறுத்தச் சொல்லலாம், புதுத் தகவல் எடுப்பதை நிறுத்தச் சொல்லலாம், இருப்பதையும் இனிப் பயன்படுத்தாதீர்கள் எனலாம். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளிலிருந்து மட்டும் உருவி எடுக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: தனிப்பட்ட முடிவு எதுவும் தர மாட்டார்கள், மொத்தமாக என்ன தெரியவந்தது என்று அவ்வப்போது ஒரு மடல் வரும்.

எச்சில் மாதிரிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. மரபணுத் தகவல் என்னோடு நிற்பதில்லை. அக்கா அதில் ஏறக்குறைய பாதி வருகிறாள், அவள் பிள்ளைகள் ஏறக்குறைய கால்வாசி வருகிறார்கள், அவர்கள் யாரும் எதிலும் கையெழுத்திடவில்லை. அக்கா “உன் இஷ்டம்” என்கிறாள். அவள் மூத்த மகள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஒப்புதல் படிவத்தின் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் கேள்விகள் வந்தபின் ஒருங்கிணைப்பாளரிடம் மூவருமாகப் பேசுவதாக இருக்கிறோம்.