சாரத்தில் உட்கார மறுத்த செல்கள்

குருத்தணுக்களை (ஸ்டெம் செல்களை), அவை பற்றி வளர்வதற்கான தாங்குசட்டமான சாரத்தின் மீது வளர்க்கும் வேலையைத் தொடங்கியபோது, இயற்கைப் பொருள் நல்லதா, செயற்கைப் பொருள் நல்லதா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த, எலும்பாக மாறக்கூடிய மீசன்கைமல் குருத்தணுக்களை, கொலாஜன் என்ற இயற்கைப் புரதத்தின் பஞ்சிலும் பாலிகாப்ரோலாக்டோன் என்ற செயற்கைப் பாலிமரின் இழைத்தாளிலும் விதைத்து, 21 நாளில் எதில் எலும்பின் குணம் கூடுதலாக வருகிறது என்று பார்த்துவிடலாம் என நினைத்தேன். ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதில் பாதிக்கு மேல், செல்களைச் சாரத்தில் உட்கார வைப்பதிலேயே போனது.

கொலாஜன் கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கி எடுத்தால், பனிப்படிகங்கள் இருந்த இடமெல்லாம் துளைகளாகிப் பஞ்சு கிடைக்கும். மெதுவாக உறையவைத்தால் துளைகள் பெரிதாகும். ஆனால் அப்படியே ஊடகத்தில் (செல்களை வளர்க்கும் சத்துக் கரைசலில்) போட்டால் விரைவில் தளர்ந்து குழைந்துவிடும் என்பதால், இழைகளைக் குறுக்காகப் பிணைக்க வேண்டும். அதற்கு நான் முதலில் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்கள் உருண்டு மிதந்துகொண்டிருந்தன. பஞ்சுக்குள் தங்கியிருந்த மிச்சமே அவற்றைக் கொன்றிருந்தது. பிறகு கார்போடைஇமைடு என்ற வேறொரு வேதிப்பொருளால் பிணைக்கும் முறைக்கு மாறினேன். அதில் உண்டாகும் யூரியா வகைத் துணைப்பொருள் நீரில் கழுவினால் போய்விடும்.

செயற்கை இழைத்தாள் வேறு விதமாகப் படுத்தியது. அந்தப் பாலிமர் சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும் என்று படித்திருந்தும், பழக்கதோஷத்தில் நீராவியால் கிருமி நீக்கும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்துவிட்டேன். வெள்ளைத் தாளுக்குப் பதிலாக உருக்குலைந்த ஒரு கட்டிதான் வெளியே வந்தது. அதன்பின் 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்துக் கிருமி நீக்கி, நன்கு உலர்த்தி, ஒரு துளி ஊடகத்தை மேலே வைத்தேன். தாமரை இலைத் தண்ணீர்போல் அது உருண்டு நின்றது. தட்டைச் சற்றுச் சாய்த்தால் ஓடியது. நீரை ஏற்காத பரப்பில் செல் எப்படி ஒட்டும்? சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பலமுறை கழுவி, செல்கள் ஒட்ட உதவும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தைப் பூசிய பிறகுதான் துளி பரவி உள்ளே இறங்கியது.

இத்தனைக்கும் பிறகு கிடைத்த முதல் நல்ல முடிவும் பொய்யாகிப்போனது. 24 குழித் தட்டில் சாரங்களை வைத்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரு மில்லிலிட்டர் செல் கலவையை ஊற்றியிருந்தேன். மூன்றாம் நாள், உயிருள்ள செல்கள் எவ்வளவு என்று காட்டும் உயிர்ப்புச் சோதனையில் அளவுகள் பிரமாதமாக வந்தன. ஏதோ ஒரு சந்தேகத்தில் சாரங்களைப் புதிய தட்டுக்கு மாற்றி மீண்டும் அளந்தபோது, அந்த அளவுகள் சரிந்துவிட்டன. காலியான பழைய குழியை நுண்ணோக்கியில் வைத்தால், அடித்தளம் முழுவதும் செல்கள் பாய் விரித்ததுபோல் நீண்டு படர்ந்திருந்தன. நான் அளந்தது சாரத்தை அல்ல, பிளாஸ்டிக்கை.

அதன் பிறகு செல் ஒட்டாத பூச்சுள்ள தட்டுக்கு மாறினேன். செல்களை அடர்த்தியாக்கி, 20 மைக்ரோலிட்டர் துளியாகச் சாரத்தின் நடுவில் மட்டும் விட்டு, 37 டிகிரியும் 5 சதவீதக் கரியமில வாயுவும் உள்ள இன்குபேட்டரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். துளி காய்ந்தால் செல்கள் செத்துவிடும் என்பதால், சுற்றியிருந்த வெற்றுக் குழிகளில் நீர் நிரப்பினேன். பிறகுதான் குழியின் சுவரோரமாக ஊடகத்தை மெல்ல இறக்கினேன்.

செல்கள் ஒட்டியபின் கொலாஜன் சுருங்கத் தொடங்கியது. உள்ளிருந்து இழுப்பவை செல்களே. விட்டம் குறைந்த பஞ்சில் செல்கள் நெருக்கமாகத் தெரிந்ததைப் பெருக்கம் என்று முதலில் எண்ணிவிட்டேன். செல்களின் எண்ணிக்கையைக் காட்டும் டிஎன்ஏ அளவை எடுத்த பிறகே, பஞ்சுதான் சுருங்கியது, செல்கள் பெருகவில்லை என்ற உண்மை புரிந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் விளிம்பில் மட்டும் செல்கள் இருந்தன, நடுப்பகுதி வெறுமையாகக் கிடந்தது. ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் ஆழம்வரைதான் போதிய அளவில் பரவும் என்பதால், மெல்லிய துண்டுகளாக வெட்டி, மெதுவாக ஆட்டும் மேடையில் வைத்து வளர்த்தேன்.

21ஆம் நாள், கால்சியத்தைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயத்தில் கொலாஜன் துண்டுகள் அனைத்தும் ரத்தச் சிவப்பாயின. பக்கத்தில் இருந்த, செல்லே இல்லாத துண்டும் சிவந்திருந்தது. எலும்பாக்கும் ஊடகத்தில் சேர்க்கும் பீட்டா கிளிசரோஃபாஸ்பேட்டால், செல்களின் உதவியின்றியும் கால்சியம் உப்பு படியக்கூடும். வெறும் துண்டின் அளவைக் கழித்து, எலும்பாக மாறும் செல்களின் அடையாளப் புரதங்களான ஆல்கலைன் பாஸ்படேஸ், ஆஸ்டியோகால்சின் ஆகியவற்றையும் தனியே அளந்த பிறகு எஞ்சியது அடக்கமான முடிவுதான். முதல் நாளில் கொலாஜனில் அதிகச் செல்கள் ஒட்டின. வடிவம் குலையாமல் நின்றது பாலிகாப்ரோலாக்டோன். எலும்பாக மாறுவதில், இரு சாரங்களுக்கு இடையே கண்ட வேறுபாட்டைவிட, மஜ்ஜை கொடுத்த மூன்று பேரின் செல்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது.