வெளிநாட்டு கோர்ட் நோட்டீஸைக் கிழித்துப் போடலாமா?

அமெரிக்காவில் இருக்கும் கணவர் அங்கேயே விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டு, இங்கே மனைவியின் கையில் நோட்டீஸ் வந்து விழுந்ததும் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "அந்த ஊர் தீர்ப்பு இங்கே செல்லாது, தூக்கிப் போடு" என்பது ஒன்று. "உடனே வக்கீல் வைத்துப் பதில் போடு" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கலே.

முதல் கட்சிக்கு ஆதாரம் உச்ச நீதிமன்றத்தின் 1991 தீர்ப்பு. 1975-ல் திருப்பதியில் நடந்த கல்யாணம். கணவர் மிசோரி மாநிலத்தில் 90 நாள் குடியிருந்ததாகக் காட்டி அங்கே விவாகரத்து வாங்கி, இங்கே வேறு கல்யாணமும் செய்துகொண்டார். அந்த விவாகரத்து செல்லாது என்றது நீதிமன்றம். காரணம், எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமாக இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகப் பிரித்திருக்க வேண்டும். 'மீட்க முடியாதபடி முறிந்த திருமணம்' என்பது இந்து திருமணச் சட்டத்தில் இன்றுவரை ஒரு காரணமாக எழுதப்படவில்லை, ஆனால் அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் அதைச் சொல்லித்தான் பிரிக்கிறார்கள்.

விதிவிலக்குகளும் அதே தீர்ப்பில் உண்டு. மனைவியும் அந்த நாட்டிலேயே நிலையாக வசித்து, காரணமும் நம் சட்டத்தில் உள்ளதாக இருந்தால் செல்லும். அவரே மனமுவந்து ஆஜராகி அப்படிப்பட்ட காரணத்தின் மேல் வழக்கை எதிர்த்து நடத்தினால் செல்லும். சம்மதித்தாலும் செல்லும். இங்கேதான் இரண்டாவது கட்சி சறுக்குகிறது: அவசரப்பட்டு முழு வழக்கையும் அங்கே நடத்திவிட்டு, அப்புறம் இங்கே வந்து 'அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை' என்றால் யார் கேட்பார்கள்? அதிகார வரம்பை ஏற்கவில்லை என்று எதிர்ப்பைப் பதிவுசெய்து அனுப்பும் பதில் வேறு, வழக்கில் இறங்கிவிடுவது வேறு. அந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்த வக்கீல் கிடைப்பதுதான் முக்கியம், சத்தமாகப் பேசுகிற வக்கீல் இல்லை.

சரி, சும்மா இருந்தால்? இங்கே செல்லாத தீர்ப்பு அங்கே செல்லும். அந்த நாட்டில் கணவர் தனி ஆள், இந்தியாவில் அதே மனிதர் கல்யாணமானவர், இங்கே மறுமணம் செய்தால் குற்றவியல் வழக்கே வரலாம். அங்கே உள்ள வீடு, பணம் எல்லாம் அந்த நீதிமன்றத்தின் கைக்குள் இருப்பதால் மனைவிக்குத்தான் நஷ்டம். அதனால் எதிர்ப்பை எழுதி அனுப்பிய கையோடு இங்கே ஒரு வழக்கைத் தொடங்குவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம். இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், கணவரின் ஊருக்கு அலைய வேண்டாம். மனைவி வெளிநாட்டில், கணவர் இங்கே என்றாலும் அவர் தன் ஊரில் போடலாம். அதே சட்டத்தின் பிரிவு 19 அதற்கும் இடம் தருகிறது, பலருக்குத் தெரிவதில்லை.

வெளிநாட்டு வழக்கை நிறுத்தச் சொல்லி இங்கே தடை உத்தரவு வாங்கிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 2018-ல் ஃப்ளோரிடாவில் மனைவி போட்ட வழக்குக்கு எதிராகக் கணவர் அப்படித் தடை கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.