வின்சம் என்றொரு சொல்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது மனதைக் கவரும் இனிமையைச் சொல்லும் ஒரு ஆங்கிலச் சொல்தான். வின்சம். பாடத்தில் ஒரு குழந்தையின் சிரிப்பைச் சொல்லும் இடத்தில் வந்தது. பின் வாங்கில் இருந்த தோழி எழும்பி, "ரீச்சர், வின் என்றால் வெல்வது, சம் என்றால் கொஞ்சம், அப்ப கொஞ்சம் வென்ற சிரிப்பா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியதே பெரிய விஷயம்" என்று சொல்லி, பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கரும்பலகைக்குப் போனார்.

பழைய ஆங்கிலத்தில் அது வின்சும். அங்கே வின் என்றால் மகிழ்ச்சி. அந்தக் காலத்தில் டபிள்யூ ஒலிக்கு ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துமுறையிலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துக்கே வின் என்றுதான் பெயராம், எழுத்துக்கு மகிழ்ச்சி என்று பெயர் வைத்தது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். சும் வெறும் விகுதி, நம்முடைய 'ஆன', 'உள்ள' மாதிரி. ஹான்ட்சமிலும் அதே விகுதிதான், அது முதலில் கையாள எளிதானது என்ற பொருளில் இருந்து பிறகுதான் அழகுக்கு வந்தது. வின்சம் 17ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துப் பேச்சில் இன்றைய பொருளோடு வருகிறது.

எல்லா அழகும் வின்சம் ஆகாது என்பதை ரீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பீரமான அழகுக்கு, அலங்காரத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. கள்ளமில்லாத முகம், பார்த்ததும் நம்மையும் சிரிக்க வைக்கிற சிரிப்பு, அதற்குத்தான்.

அப்புறம் பல வருடம் கழித்து, சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் புரட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த 'வின்'னுக்கு அடியில் இருப்பது விரும்புதல் என்று பொருள்படும் மிகப் பழைய வேர். லத்தீனில் அழகுத் தெய்வம் வீனஸின் பெயர், ஆங்கிலத்தில் விஷ், சமஸ்கிருதத்தில் வாஞ்சா எல்லாம் அதிலிருந்து வந்தவை. வாஞ்சா தமிழுக்கு வந்து வாஞ்சை ஆனது. வாஞ்சையோடு தலையைத் தடவினாள் என்று நாம் எழுதுகிறோமே, அந்த வாஞ்சையும் வின்சமும் தூரத்துச் சொந்தம்! ரீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும், அதற்குள் அவர் போய்விட்டார்.

இன்னொன்றும் அதில் இருந்தது. வெல்வதற்கான வின்னையும் அதே வேரில்தான் சேர்க்கிறார்கள். பின் வாங்குத் தோழி இந்த மலரை வாசிப்பாள் என்று நம்புகிறேன். அன்று நீ கேட்டதில் பாதி சரிதான் அடி.