மாமாவோடு வால்பாறை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆற அமர ரசித்துக்கொண்டு தனியாகப் போகலாம் என்று விடியற்காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "நானும் வாரேன் மாப்ள" என்று மாமா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மாமா தென்னை விவசாயி. ஆழியாறு அணை கண்ணில் பட்டது. நீர்ப்பரப்பில் மலை தலைகீழாகத் தெரிந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. மாமாவுக்கு வந்தது. "இத்தனை தண்ணி இங்க சும்மா நிக்குது, என்ற தென்னை அங்க காயுது."

குரங்கருவியில் நிறுத்தவே விடவில்லை. "குளிச்சா சளி புடிக்கும்."

நூறு சிசி வண்டி, இரண்டு ஆள், ஏற்றம். முதல் கியரில் முக்கி முனகி ஒன்பதாவது வளைவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் லோம்ஸ் காட்சிமுனை. கீழே அணை, அதைத் தாண்டி பொள்ளாச்சி சமவெளி முழுக்கத் தென்னை. பஞ்சு மாதிரி மேகம் ஒன்று கைக்கு எட்டும் உயரத்தில் போனது. மாமா கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். சரி, மனுஷன் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். "நம்ம தோப்பு எதுன்னு தெரியுதா மாப்ள? மோட்டார் ஓடுதான்னு பார்க்கோணும்."

அந்த நேரம் பாறைமேல் ஒரு வரையாடு வந்து நின்றது. வளைந்த கொம்பு, புடைத்த கழுத்து, நம்மைச் சட்டை செய்யாத பார்வை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, இவ்வளவு பக்கத்தில்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிடா எத்தனை கிலோ தேறும்?" மாமாவுக்கு ரகசியமாகப் பேசவும் வராது.

பக்கத்தில் நின்ற வனத்துறைக்காரர் திரும்பினார். "ஜெயில்ல எத்தனை வருஷம்னும் கேட்டு வெச்சுக்கங்க ஐயா."

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வளைவுக்கு மாமா வாயே திறக்கவில்லை. பயணத்திலேயே நான் இயற்கையை ரசித்த பகுதி அதுதான். அட்டகட்டி தாண்டியதும் குளிர் சட்டைக்குள் புகுந்தது. தேயிலைச் சரிவுகளைக் கண்டதும் மாமா உயிர் பெற்றார். "ஒரு களை இருக்குதா பாரு!" அவர் வாயிலிருந்து அழகு என்பதற்கு இணையாக வந்த ஒரே சொல்.

வால்பாறையில் டீ குடித்தோம். எதிர்மலை முழுக்கத் தேயிலை. மாமா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "வெளையற எடத்துலயே குடிக்கறது தனி ருசிதானுங்" என்றார் கடைக்காரரிடம்.

"தூள் பொள்ளாச்சியிலருந்து வருதுங்க" என்றார் அவர்.